காலி வண்டிக்கு லோடு காற்று

இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கப்போவதில்லை. வேறொருவர் எழுதி நான் படித்திருந்தால் பாதியிலேயே மூடிவைத்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போயிருப்பேன். எங்கள் பக்கத்தில் புளியமரத்துக்கு ஒரு கதை, பாழுங்கிணற்றுக்கு ஒரு கதை, சுடுகாட்டு வளைவுக்கு ஒரு கதை என்று வைத்திருப்பார்கள். அந்த வளைவில் எல்லா நேரத்திலும் நான் வண்டி ஓட்டியிருக்கிறேன். நாயைத் தவிர வேறெதுவும் குறுக்கே வந்ததில்லை. கோயிலுக்குப் போவேன், அதுவும் பாக்கியம் கூப்பிட்டால். பாக்கியம் என் மனைவி. நடந்தது அவளுக்கா, எனக்கா, எங்கள் வண்டிக்கா என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டமும் அதை ஒட்டி ஒரு சின்னத் தென்னந்தோப்பும் இருக்கின்றன. ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். விடியும்போது பூ எடுக்கும் பெண்களை ஊரிலிருந்து ஏற்றிப் போய்த் தோட்டங்களில் இறக்கிவிடுவேன். பிறகு பூவை மார்க்கெட்டில் சேர்த்துவிட்டு, தேங்காயோ காய்கறியோ கிடைத்தால் திண்டுக்கல்லுக்கு ஒரு நடை போய்வருவேன்.

பெண்கள் ஏறும்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. பின் பம்பரில் ஒருத்தி கால் வைத்ததும் வண்டி சற்று அமுங்கும், அவள் உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒருமுறை அசைந்து நிற்கும். அந்த அசைவு சீட் வழியாக என் முதுகுக்கு வந்துவிடும். கடைசியாக ஏறுகிற முத்துப்பேச்சி பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். தட், தட். புறப்படலாம் என்று அர்த்தம். ஒருநாள் அவசரத்தில் அவள் தட்டுவதற்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டேன்.

"ஏண்ணே, நாங்க என்ன வெங்காய மூட்டையா? ஏறி உக்காரவிட்டு எடுங்க" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அன்றிலிருந்து அந்த இரண்டு தட்டு கேட்காமல் நான் கிளட்சிலிருந்து காலை எடுத்ததில்லை.

இனி டயர் விஷயம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய டயர்கள் மொட்டையாகிவிட்டதால் போன வருஷம் நான்கையும் மாற்ற வேண்டியிருந்தது. நேர்வரி போட்ட சாதாரண டயர் தார்ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும், சேற்றில் வழுக்கும். கட்டை கட்டையாக வெட்டிய சேற்று டயர் களிமண்ணில் ஏறிவிடும், ஆனால் தார்ரோட்டில் காது வலிக்கும்படி இரையும், சீக்கிரம் தேயும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆல் டெரைன் டயர். என் ஓட்டத்தில் முக்கால்வாசி தார்ரோடு, மிச்சம் தோட்டத்துப் பாதை என்பதால் எனக்கு அதுதான் சரி என்று தோன்றியது. ஆனாலும் மனசு ஒரு நிலைக்கு வராமல், திண்டுக்கல் பைபாஸில் கடை வைத்திருக்கும் ஜமால் பாயிடம் நடையாய் நடந்தேன். பக்கச்சுவர் எத்தனை தடிமன், எவ்வளவு எடை தாங்கும், பள்ளம் எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒருநாள் பாக்கியமும் கூட வந்திருந்தாள்.

"ஏங்க, எனக்குச் சேல எடுக்கையில கடைக்கு வெளிய நின்னு போன நோண்டிக்கிட்டு இருந்தீங்க. இங்க என்னடான்னா டயரத் தடவித் தடவிப் பாக்குறீங்க" என்றாள்.

ஜமால் பாய் சிரித்தார். "சேல கிழிஞ்சா வேற கட்டிக்கலாம்க்கா. இது கிழிஞ்சா அண்ணன் நடந்துல்ல வரணும்."

"நடக்கட்டும். தொப்பையாச்சும் கொறையும்."

கடைசியில் ஆல் டெரைனே போட்டோம். பாய் நான்கையும் மாட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "டயர் நல்லதா வாங்குனா மட்டும் போதாதுண்ணே, காத்து சரியா இருக்கணும். காலியா ஓடுனா பின்னாடி முப்பத்தஞ்சு. லோடு ஏத்துனா அம்பத்தஞ்சு. லோடு காத்தோட காலியா ஓட்டுனா பந்து மாதிரி குதிக்கும், நடுவுல மட்டும் தேயும். அதோட சேத்துக்குள்ள போயிட்டீங்கன்னா அம்புட்டுத்தான். சேறுன்னா இருபதுக்கு எறக்கிருங்க, டயர் பரந்து உக்காரும்."

எனக்கு இது புதிதில்லை. காலையில் டயர் சூடேறுமுன் சொந்தக் கேஜில் காற்றின் அளவு பார்ப்பது என் வழக்கம். "பல்லு வெளக்க மறந்தாலும் மறப்பாரு, டயரு பாக்க மறக்க மாட்டாரு" என்று பாக்கியம் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

நடந்தது ஐப்பசி மழையில். காலையில் தேங்காய் லோடு இருந்ததால் பின் டயர்களில் ஐம்பத்தைந்து வைத்திருந்தேன். லோடை இறக்கிவிட்டு மத்தியானம் காலி வண்டியோடு தோட்டத்துக்கு வந்தேன். மறுநாளும் லோடு இருந்தது. பிடுங்குவானேன், திரும்ப அடைப்பானேன் என்று காற்றை அப்படியே விட்டிருந்தேன். எங்கள் பக்கம் பிக்கப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. இரண்டு நாள் மழையில் பூ எடுப்பு நின்றிருந்ததால் தோட்டத்தில் பெண்கள் யாரும் இல்லை. பாக்கியம் மட்டும் தோப்பில் விழுந்து கிடந்த தென்னை மட்டைகளை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மட்டையோடு கதண்டுக் கூடும் விழுந்து கிடந்திருக்கிறது. கதண்டு என்றால் பெரிய குளவி. ஒன்று கொட்டினாலே ஆள் சுருண்டுவிடுவான். நான் அலறல் கேட்டு ஓடியபோது அவள் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு வரப்பில் விழுந்து கிடந்தாள். கழுத்து, உதடு, காதோரம் எல்லாம் கொட்டியிருந்தன. சாக்கைப் போர்த்தி வண்டிக்கு இழுத்து வருவதற்குள் முகம் வீங்க ஆரம்பித்துவிட்டது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு... அடைக்குதுங்க" என்றாள். அந்தக் குரல் அவளுடையதாகவே இல்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பேசியவர் இடத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணே, உங்க தரைப்பாலத்துல தண்ணி போகுது, வண்டி வர முடியாது. மெயின் ரோட்டுக்குக் கொண்டாந்துருங்க, நாங்க அங்க வந்து நிக்கிறோம்" என்றார். எங்கள் தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் ஒரே பாதை அந்தத் தரைப்பாலத்தின் மீதுதான். மத்தியானம் நான் தாண்டி வந்தபோது தண்ணீர் ஏறியிருக்கவில்லை. டிராக்டர் வைத்திருப்பவருக்குப் போன் செய்தேன். அவர் வடமதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மிச்சம் இருந்தது தோட்டத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஏரிதான், எங்கள் பக்கம் கண்மாய் என்போம். கரையோரம்தான் தண்ணீர் தேங்கியிருக்கும், மேல்புறம் வெறும் களிமண். கோடையில் அதற்குள் குறுக்கே ஓட்டி மெயின் ரோட்டில் ஏறியிருக்கிறேன். மழைக்காலத்தில் யாரும் ஓட்டுவதில்லை.

வேறு வழி இல்லை. புது டயர் என்கிற ஒரே நம்பிக்கையில் வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கினேன்.

பாதித் தூரம் நன்றாகவே வந்தது. நடுவில் கருவேல மரங்களைத் தாண்டியதும் பின்பக்கம் ஒருமுறை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. என் வண்டிக்குப் பின் சக்கரங்களில்தான் இழுவை. இறங்கிப் பார்த்தால் டயரின் பள்ளமெல்லாம் களி அடைத்து, அத்தனை யோசித்து வாங்கிய டயர் மொட்டை டயர் மாதிரி பளபளவென்று இருந்தது. உள்ளே ஐம்பத்தைந்து காற்று, மேலே ஒரு கிலோ எடை கூடக் கிடையாது. பாய் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

வால்வு மூடியைக் கழற்றிச் சாவி முனையால் ஊசியை அமுக்கினேன். ஸ்ஸ் என்று காற்று இறங்கியது. திறந்திருந்த கதவு வழியாகப் பாக்கியம் மூச்சு இழுக்கும் சத்தமும் கேட்டது. அதுவும் விசில் மாதிரி அதே சத்தம்தான். ஒன்றை நான் வெளியே விட்டுக்கொண்டிருந்தேன், இன்னொன்று உள்ளே போக மாட்டேன் என்றது. கேஜ் வைத்துப் பார்க்கப் பொறுமை இல்லை, டயர் பரந்து உட்காரும் வரை விட்டேன். இரண்டு பக்கமும் விட்டுவிட்டு ஏறி எடுத்தேன். சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. கருவேலங்கிளைகளை முறித்து முட்கள் கையைக் கிழிக்கக் கிழிக்கச் சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். சக்கரம் அவற்றைத் துப்பியது. பின்பக்கம் கனம் இருந்தால் டயர் பிடிக்கும் என்று தெரியும். நானே பின்னால் ஏறிக் குதித்தேன். பைத்தியக்காரன் மாதிரி குதித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் முன்னால் உட்கார்ந்து ஓட்ட ஆள் இல்லையே என்று உறைத்தது. முத்துப்பேச்சியும் மற்றவர்களும் இருந்திருந்தால் ஏறி உட்கார்ந்தே வண்டியைக் கிளப்பியிருப்பார்கள்.

அங்கே பின்னால் நின்றுகொண்டே கத்தினேன். "யாராச்சும் இருக்கீங்களா? வாங்கய்யா! செத்த ஏறி உக்காருங்க! யாரா இருந்தாலும் ஏறுங்க!"

இந்த வார்த்தைகளைத்தான் கத்தினேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழை வலுத்தது. கண்மாயில் ஒரு ஆடு கூட இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பாக்கியத்தின் தலை கதவில் சாய்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அப்போதுதான் பின்பக்கம் சற்று அமுங்கியது.

நம்பினால் நம்புங்கள். அமுங்கி, ஒருமுறை அசைந்து நின்றது. வண்டி சேற்றில் புதைகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி அமுங்கி அசைந்தது, பிறகு மறுபடியும். அது புதைவது இல்லை. தினமும் விடியற்காலையில் என் முதுகுக்குத் தெரிகிற அசைவு அது. கண்ணாடியில் பார்த்தேன். பம்பருக்குப் பின்னால் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். மடித்துப் போட்டிருந்த தார்ப்பாய் காற்றடைத்து உப்பலாக இருந்தது. நான் பார்க்கப் பார்க்க அதன் ஒரு ஓரம் தட்டையாக அமுங்கியது. தகரத்தில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் நான்கைந்து இடங்களில் விலகி நின்றது.

பாக்கியம் வாய் திறந்தாள். அவள் கண்கள் இரண்டும் வீங்கி ஒட்டிக்கிடந்தன, ஒரு துளி வெளிச்சம் கூட உள்ளே போயிருக்காது.

"ஏறிட்டாங்க" என்றாள். "போங்க."

தட், தட் என்று தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது.

கால் பழக்கத்தில் தானாகக் கிளட்சை விட்டது. இரண்டாம் கியரில், அவசரப்படுத்தாமல், டயர் மண்ணைக் கவ்வி ஏறியது. வண்டி முழு லோடில் போவது போல முனகிக்கொண்டு போனது. பக்கக் கண்ணாடியில் பின் டயர் நசுங்கிய பூசணி மாதிரி பரந்து உருள்வதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. பாக்கியத்தை இறக்கி, தொடையில் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்தார்கள். "செத்த நேரம் பிந்தியிருந்தாலும் கஷ்டம்ணே" என்று அதில் வந்த பையன் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தப் போனான். நானும் ஏறுவதற்காக ஓடியவன் ஒரு கணம் திரும்பினேன். ரோட்டோரம் நின்ற என் வண்டியின் பின்பக்கம் ஒவ்வொரு குலுக்கலாக உயர்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகக் குதித்து இறங்கும்போது எப்படி உயருமோ அப்படி. வலது பக்கம் முழுக்க உயர்ந்துவிட்டது. இடது மூலை மட்டும் அமுங்கியே இருந்தது. அது உயர்வதற்காகக் காத்திருந்தேன். "அண்ணே, ஏறுங்க" என்று அதட்டினார்கள். ஏறிவிட்டேன்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பாக்கியம் பிழைத்துக்கொண்டாள். கண்மாய்க்குள் இறங்கியதற்குப் பிறகு எதுவும் அவளுக்கு நினைவில்லை. "நான் பேசுனேனா? தொண்டையே அடச்சுப் போயிருந்துச்சே" என்றாள்.

மழை விட்டதும் கண்மாய்க்குப் போய்ப் பார்த்தேன். காற்றைக் குறைத்ததால் டயர் பரந்து பிடித்திருக்கும், அடியில் கெட்டி மண் அகப்பட்டிருக்கும், பயத்தில் மற்றதெல்லாம் தோன்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். வண்டி சிக்கிய இடம் வரைக்கும் சக்கரத் தடம் மேலாக இருந்தது. அதற்கு அப்புறம், மெயின் ரோடு வரைக்கும், குச்சி விட்டுப் பார்த்தால் தடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம். காற்றுக் குறைந்த டயர் மண்ணில் குறைவாகத்தான் அழுந்தும். சுற்றிலும் என் காலடிகளைத் தவிர வேறு காலடி இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பின் டயர்களுக்குக் காலி வண்டிக்கான காற்றை அடைத்துக்கொண்டு, பாக்கியத்தை வீட்டுக்கு அழைத்துவர நான்தான் வண்டியோடு போனேன். வரும் வழியில் காற்றுப் பார்க்க ஜமால் பாய் கடையில் நிறுத்தினேன். பாக்கியம் முன் சீட்டில் இருந்தாள். பாய் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

"அண்ணே, இடது பின்னாடி டயரு உக்காந்துருக்கே. பஞ்சரா?"

கேஜ் வைத்தார். முப்பத்தைந்து இருந்தது. வலது பக்கமும் முப்பத்தைந்து. தட்டினார், முகர்ந்தார், எச்சில் தொட்டு வால்வில் வைத்துப் பார்த்தார். "காத்து சரியா இருக்கு. ஆனா லோடு ஏத்துன மாதிரி வயிறு பிதுங்குதே. பின்னாடி என்ன வச்சுருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல பாய். காலி வண்டி."

அவர் எட்டிப் பார்த்தார். காலிதான். அந்த நேரம் பாக்கியம் கதவைத் திறந்து, "ஏங்க, எதிர்த்தாப்புல போய் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன், நாக்கு செத்துப்போச்சு" என்று இறங்கி நடந்தாள். அவள் நான்கடி எடுத்து வைத்ததும் வண்டியின் பின்பக்கம் ஒரு குலுக்குக் குலுங்கியது. டயர் எங்கள் கண்ணெதிரிலேயே நிமிர்ந்தது.

பாய் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் டீக்கடையைப் பார்த்தேன். "ஸ்பிரிங் பிளேட்ட ஒருக்கா பாத்துருங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். பார்த்தேன். ஸ்பிரிங்கில் எந்தக் குறையும் இல்லை.

நான் தனியாக ஓட்டும்போது வண்டி நேராக நிற்கிறது. பெண்கள் ஏறினால் அவர்கள் கனம் மட்டும்தான். பாக்கியம் முன்னால் ஏறினால் பின்னால் இடது மூலை அமுங்குகிறது. முன்பெல்லாம் ஏறியதும், "எடுங்க, நேரமாச்சு" என்று விரட்டுகிறவள் இப்போது விரட்டுவதில்லை. சாவியைத் திருப்பியதும் என் கைமேல் கை வைத்து, "செத்த பொறுங்க" என்கிறாள். பின்பக்கம் ஒருமுறை அசைந்து நிற்கும். அப்புறம், "ம், போங்க" என்கிறாள். எதற்குப் பொறுக்கச் சொல்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"நானா சொன்னேன்?" என்றாள், நிஜமான ஆச்சரியத்தோடு.

ஒருமுறை அவளோடு கண்மாய் ஓரமாக வந்தபோது வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் போனேன். ஏறச் சொன்னது நான்தானே, இறங்கச் சொல்ல வேண்டியவனும் நான்தான் என்று தோன்றியது. தகரத்தில் கையும் வைத்துவிட்டேன். அப்போது முன்னாலிருந்து அவள் இருமும் சத்தம் கேட்டது. சாதாரண இருமல்தான், பனிக்காலத்து இருமல். அன்று அவள் மூச்சு எந்தக் கணத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஊசி போட்ட பிறகா, அதற்கு முன்பேயா? யார் ஏறிய பிறகு? இறங்கிப் போகிறவர் எதை எடுத்துக்கொண்டு போவார் என்றும் எனக்குத் தெரியாது. கையை எடுத்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தேன்.

இப்போது பாக்கியம் கூட வருகிற நாட்களில், வண்டி காலியாக இருந்தாலும், இடது பின் டயரில் ஐம்பத்தைந்து வைத்துவிடுகிறேன். "காலி வண்டிக்கு எதுக்குண்ணே லோடு காத்து?" என்று முதல் தடவை மட்டும் ஜமால் பாய் கேட்டார். இப்போது அவரே பாக்கியம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் அந்த ஒரு டயருக்கு மட்டும் குழாயை மாட்டுகிறார்.